கூக்குரலும் கொந்தளிப்பும்: மக்கள் எதிர்வினையைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கம் – கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை நிகழ்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொதுமக்களின் எதிர்வினையைக் குறிக்கும் 'அவுட்க்ரை', 'அவுட்ரேஜ்', 'அப்ரோர்', 'பேக்லாஷ்' முதலிய ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வேரும் பொருளெல்லையும் உடையவை. தமிழ்ச் செய்தி மொழியில் இவை பெரும்பாலும் 'கொந்தளிப்பு', 'கொதிப்பு' என்னும் ஓரினச் சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதனால் குரல் என்னும் கூறும், அக்குரல் யாரை நோக்கியது என்னும் கூறும் மறைகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2022, 2024ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றையும், அவற்றையொட்டிக் கல்வராயன்மலை மக்களின் நிலை நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்ததையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இச்சொல்லிழப்பை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூக்குரல், கொந்தளிப்பு, முறையீடு, ஒப்பாரி, மொழிபெயர்ப்பு, கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை

ஒரு நிகழ்வு, பல பெயர்கள்

2024 ஜூன் 18, 19ஆம் நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் சிகிச்சை பெற்றவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இந்நாள்களில் எழுந்த எதிர்வினையை ஆங்கிலச் செய்திகள் 'பப்ளிக் அவுட்க்ரை' என ஒரே தொடரால் சுட்ட முடிந்தது. தமிழில் அவ்வாறு அமையவில்லை. கருணாபுரத்துத் தெருக்களில் எழுந்தது 'கதறல்'. சட்டப்பேரவையில் நடந்தது 'அமளி'. கட்சிகள் நடத்தியவை 'ஆர்ப்பாட்டம்', 'உண்ணாவிரதம்'. தலைவர்கள் விடுத்தது 'கண்டனம்'. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் செய்தது 'முறையீடு'. இவை அனைத்தையும் ஒருங்கே சுட்ட வேண்டிய இடத்தில்தான் 'மக்கள் கொந்தளிப்பு' வந்தமர்ந்தது. இடத்திற்கேற்பப் பெயர் மாறும் இவ்வழக்கு தமிழின் சொல்வளத்தைக் காட்டுவது உண்மையே. ஆனால் யாருடைய குரல் எந்தச் சொல்லைப் பெறுகிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. உறுப்பினர்களின் கூச்சலுக்கு அவைக்குறிப்புண்டு. தெருவின் கதறலுக்கு அஃதில்லை.

ஆங்கிலச் சொற்களின் வேர்கள்

மொழிபெயர்ப்பாளர் முதலில் காண வேண்டியது, ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றும் இச்சொற்கள் உண்மையில் அவ்வாறல்ல என்பதை. 'அவுட்க்ரை' என்பது வெளிப்படக் கூவுதல். குரலே அதன் உயிர்நிலை. ஒருகாலத்தில் அச்சொல் பலரறியக் கூவி விற்கும் ஏலத்தையும் குறித்தது; பங்குச் சந்தைகளில் கைகாட்டிக் கூவி விலை கேட்ட முறைக்கு 'ஓப்பன் அவுட்க்ரை' என்னும் பெயர் அண்மைக்காலம்வரை வழங்கியது. சாராயக்கடைகளையே ஏலங்கூவி விற்று வருவாய் ஈட்டிய ஆப்காரி முறையை அறிந்த தமிழக வாசகருக்கு இப்பொருளிணைப்பு சற்றுக் கசப்பாகவே படும்.

'அவுட்ரேஜ்' என்பதைப் பலரும் வெளிப்படும் சினம் எனப் பிரித்துக் காண்பர். அது பிழைப்பிரிப்பு. 'அப்பால்' எனப் பொருள்படும் இலத்தீன் 'உல்ட்ரா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அச்சொல். வரம்பு கடந்த செயல் என்பதே அதன் முதற்பொருள். அச்செயல்மீது எழும் சினம் பின்னர்ச் சேர்ந்தது. ஆகவே ஆங்கிலத் தொடரொன்றில் 'கள்ளக்குறிச்சி அவுட்ரேஜ்' என்று வந்தால், அது கொடுமையைக் குறிக்கிறதா, கொடுமை கண்டெழுந்த சினத்தைக் குறிக்கிறதா என்று சூழல் நோக்கியே தெளிய வேண்டும். 'சீற்றம்' எனப் பெயர்த்த அளவில் முதற்பொருள் கைநழுவிவிடும்.

'அப்ரோர்' என்பதற்கும் கர்ச்சனைக்கும் வேரளவில் தொடர்பில்லை. கிளர்ச்சி எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்து, ஒலியொப்புமையால் பேரிரைச்சல் என்னும் பொருளை ஏற்றது அது. சட்டப்பேரவைச் செய்திகளில் இதற்கு 'அமளி' நிலைபெற்றுவிட்டது. (பழந்தமிழில் அமளி என்பது படுக்கை, இரண்டு அமளிகளும் அருகருகே நின்றால் மாணவர்க்கு விளக்குவது கடினம்.) 2024 ஜூன் 21 அன்று கருப்புச் சட்டையணிந்து வந்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் பேரவையிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், 26ஆம் நாள் கூட்டத்தொடர் முழுமைக்கும் அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதையும் குறிக்க இச்சொல்லே பயன்பட்டது. 'பேக்லாஷ்' பொறியியலிலிருந்து வந்தது; பற்சக்கரங்களின் இடைவெளியால் நேரும் பின்னதிர்வைக் குறித்த சொல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டக் காலத்தில் அரசியற்பொருள் பெற்றுப் பரவியது. 'எதிர்வினை' என்பது அதற்குப் பொருந்தும், 'கொந்தளிப்பு' பொருந்தாது.

இவற்றுள் கருதத்தக்கது 'ஹியூ அண்ட் க்ரை'. இன்று வீண் ஆரவாரம் என்னும் பொருளில் வழங்கும் இத்தொடர் இடைக்கால இங்கிலாந்தில் ஒரு சட்டக்கடமையின் பெயர். குற்றம் கண்டவர் கூவ வேண்டும். கேட்டவர் அனைவரும் குற்றவாளியைத் துரத்த வேண்டும். 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் இதை வலியுறுத்தியது. கூவலைக் கேட்டும் வாளாவிருந்த ஊர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. கூவுவோர்க்கு ஒரு கடமையும் கேட்போர்க்கு ஒரு கடமையும் இருந்தன என்பது இங்கு நினைவில் நிறுத்தத்தக்கது.

நீரும் நெருப்பும்

இன்றைய தமிழ் வழங்கும் சொற்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒற்றுமை புலனாகும். கொந்தளிப்பு கடலுக்குரியது. கொதிப்பு உலைநீருக்குரியது. பொங்குதல் பாலுக்கும் கடலுக்கும் உரியது. குமுறல் இடிக்கும் எரிமலைக்கும் உரியது. இவை அனைத்தும் இயற்கைப் பொருளின் இயக்கங்கள். குமுறலில் ஒலியுண்டு, சொல் இல்லை. ஏனையவற்றில் ஒலிகூட முதன்மையன்று.

உருவகம் தனித்து வருவதில்லை. தனக்குரிய வினைகளையும் உடன் அழைத்து வருகிறது. கொந்தளிப்பு 'அடங்குகிறது', கொதிப்பு 'தணிகிறது', பதற்றம் 'குறைகிறது', நிலைமை 'கட்டுக்குள் கொண்டுவரப்படுகிறது'. இவ்வினைகளுக்கு எழுவாயாகவோ கருவியாகவோ நிற்பது காவல்துறையும் நிர்வாகமும். கூக்குரல் என்று சொன்னாலோ வேறு வினைகள் தேவைப்படும்: கேட்டல், செவிசாய்த்தல், விடையிறுத்தல். கடல் கொந்தளித்தால் யாரும் அதற்கு விடை கூறுவதில்லை. கரையில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவர். மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு இவ்விடத்தில்தான் உள்ளது. 'அவுட்க்ரை' கொந்தளிப்பாகும்போது, பேசிய மக்கள் தணிக்கப்பட வேண்டிய பொருளாகிவிடுகின்றனர்.

'கூக்குரல்' தமிழுக்குப் புதிய இணையன்று. ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் சோதோம், கொமோரா நகர்களைப் பற்றிய முறையீட்டைச் சுட்டத் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் 'கூக்குரல்' என்பதையே கையாண்டனர். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அதே இடத்தில் 'அவுட்க்ரை' என்கின்றன. அங்கே அது வெற்றொலியன்று. நீதி வழங்கவல்ல ஒருவரின் செவியை எட்டியதும், விசாரணைக்கு அவர் இறங்கி வரக் காரணமானதும் ஆகும். ஆயினும் இன்றைய எழுத்தாளர் இச்சொல்லைத் தவிர்ப்பதற்கும் காரணமுண்டு. 'வீண் கூக்குரல்', 'எதிர்க்கட்சிகளின் கூக்குரல்' என அரசியல் மேடை அதை இழிவழக்காக்கிவிட்டது. ஆங்கில 'அவுட்க்ரை'யும் இவ்விழிவிலிருந்து முற்றும் தப்பியதன்று. சொல் தேய்ந்திருப்பது அதைக் கைவிடப் போதிய காரணம் ஆகாது. அடைகொடுத்து மீட்க முடியும்.

பழந்தமிழ் காட்டும் படிநிலைகள்

ஊரார் வாய்ச்சொல் படிப்படியாகப் பரவுவதைப் பகுத்துக் காணும் மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பியக் களவியல் கூறும் அம்பலும் அலரும் இதற்குச் சான்று. முகிழ்த்த நிலையில் இருப்பது அம்பல். பலரறிய விரிந்தது அலர் என உரைமரபு மலரை வைத்தே இவற்றை வேறுபடுத்தும். 'கௌவை' அதன் ஆரவார நிலை. அகப்பொருட் சூழலில் பிறந்த இச்சொற்களை அப்படியே அரசியலுக்குக் கொணர்வது பொருந்தாது. ஆனால் பொதுக்கருத்து முணுமுணுப்பாகத் தொடங்கி வெளிப்படையாகும் இயக்கத்தைத் தமிழ் நுட்பமாகப் பெயரிட்டது என்பதும், அப்பெயர்கள் பேச்சை மையமாகக் கொண்டவை என்பதும் கருதத்தக்கன. 'பூசல்' மற்றொரு சான்று. பேரொலி, போர், ஆற்றாமையால் எழும் அரற்றல் எனப் பரந்த பொருளில் வழங்கிய அச்சொல் இன்று உட்கட்சிச் சண்டையளவில் சுருங்கிவிட்டது.

சிலப்பதிகார மதுரைக் காண்டத்தின் காதையமைப்பு இவ்வகையில் மிகத் தெளிவானது. துன்பமாலையை அடுத்து ஊர்சூழ்வரி. அதன்பின் வழக்குரை காதை. பிறகு வஞ்சினமாலையும் அழற்படு காதையும். துயரம், ஊர்த்தெருவில் வெளிப்பட்ட குரல், அரசவையில் வழக்கு, நெருப்பு என நிகழ்வு நகர்கிறது. தீ இறுதியில்தான் வருகிறது. இன்றைய செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் வழக்குரையைக் கடந்து நேரே அழற்படு காதையில் தொடங்குகின்றன.

'முறை' என்பது நீதி. அதை வேண்டுவது முறையிடல். மனுநீதிச் சோழன் கதையில் பசு அடித்த ஆராய்ச்சி மணியும் முறையீடே. இச்சொல் இன்று 'மேல்முறையீடு' என்னும் நீதிமன்றக் கலைச்சொல்லிலும், நீதிபதிகள்முன் வழக்கறிஞர் ஒரு செய்தியை வாய்மொழியாக எழுப்புவதைக் கூறும் செய்திகளிலும் உயிர்ப்புடன் இருக்கிறது. எனினும் தெருவில் நிற்போர் முறையிட்டதாக எழுதப்படுவது அரிது.

போராட்டத்திலிருந்து கலவரத்திற்கு

2022 ஜூலையில் சின்னசேலம் அருகேயுள்ள கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருவரின் இறப்பைத் தொடர்ந்து நடந்தவை, சொல் மாறும் வேகத்தைக் காட்டுகின்றன. இறப்பு ஜூலை 13. பெற்றோரும் உறவினரும் நடத்தியது 'போராட்டம்'. 17ஆம் நாள் பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது, பேருந்துகள் எரிக்கப்பட்டன, மாணவர்களின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. அன்று மாலைக்குள் சொல் 'கலவரம்' ஆயிற்று. ஊர்ப்பெயரோடு ஒட்டிக் 'கனியாமூர்க் கலவரம்' என நிலைத்தது. முந்தைய 4 நாள்களின் முறையீடும் பின்னோக்கி அச்சொல்லுக்குள் இழுக்கப்பட்டது.

'கலவரம்' முதலில் மனநிலையைக் குறிப்பது. முகத்தில் கலவரம் படர்ந்தது என்பது இன்றும் வழக்கே. ஆங்கிலச் சட்டச்சொல்லான 'ரயட்' அவ்வாறன்று. 5 அல்லது அதற்கு மேற்பட்டோர் பொதுநோக்கத்துடன் கூடிய சட்டவிரோதக் கூட்டம் வன்முறையைப் பயன்படுத்துதல் என்பது அதன் வரையறை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 146ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 191ஆம் பிரிவிலும் இது உள்ளது. எண்ணிக்கையும் நோக்கமும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒரு குற்றத்திற்கு, மனக்கலக்கத்தையும் குறிக்கும் சொல்லை இணையாக வைத்திருக்கிறோம். கூட்டத்தின் ஓரத்தில் நின்றவருக்கும் தீவைத்தவருக்கும் உள்ள வேறுபாடு செய்தி மொழியில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நூற்றுக்கணக்கானோர் கைதான வழக்கில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. இவ்வன்முறை திடீரென வெடித்ததன்று, திட்டமிட்டதாகத் தோன்றுகிறது என்னும் பொருள்பட உயர்நீதிமன்றம் அப்போது கருத்துரைத்தது. 'கொந்தளிப்பு' என்னும் உருவகம் இதற்கு முரணானது; இயற்கைச் சீற்றத்திற்குத் திட்டமும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆக அச்சொல் முறையிட்டவரின் குரலை மறைப்பதோடு, திட்டமிட்டவர் இருந்திருப்பின் அவர் பொறுப்பையும் மறைக்கிறது. இருமுனையிலும் பிழைபடும் சொல்லை நடுநிலைச் சொல் எனக் கொள்வதற்கில்லை.

வடிவங்களைக் குறிக்கும் சொற்களும் நிலையானவையல்ல. வெற்றாரவாரத்தைக் குறித்த 'ஆர்ப்பாட்டம்' இன்று காவல்துறையிடம் முன்கூட்டி இசைவு பெற்று, குறித்த இடத்தில் குறித்த நேரம் நடக்கும் நிகழ்ச்சி. தமிழகத்தில் மக்கள் சாலையைத் தடுத்தால் 'மறியல்'; இலங்கைத் தமிழிலோ அரசு மக்களைத் தடுத்து வைப்பது மறியல். 'விளக்கமறியல்' என்பது அங்கே விசாரணைக் காவல். ஈழத்து நூலொன்றைத் தமிழக வாசகருக்குப் பதிப்பிப்பவர் இங்கே இடறாமல் செல்வது கடினம்.

உக்ரேனிய மொழியில் இதே சிக்கல்

இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'பப்ளிக் அவுட்க்ரை' என்பதை உக்ரேனிய மொழியில் பெயர்ப்பவர் முன்னும் இதே இருவழி நிற்கிறது. பெருவழக்கான 'ஒபுரென்யா' என்னும் சினச்சொல் புயலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. 'ஹலாஸ்' என்பது இரைச்சல். 'ரோஸ்ஹொலொஸ்' என்பதோ குரல் எனப் பொருள்படும் 'ஹொலொஸ்' என்பதோடு பரவுதலைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்தது. செய்தி பலரறியப் பரவுதலைச் சுட்டுவது. முன்னதில் சினமுண்டு, குரலில்லை. பின்னதில் குரலுண்டு, சினம் குறைவு. 'அவுட்க்ரை' இரண்டையும் ஒருங்கே கொண்டது. எனவே சூழலறிந்தே தேர வேண்டும்.

2013 நவம்பர் 30 அன்று அதிகாலை கீவ் நகரச் சதுக்கத்தில் மாணவர்கள் காவல்படையினரால் தாக்கப்பட்டபின் பெருந்திரளான மக்கள் அங்குக் கூடினர். அத்திரளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'விச்சே'. பேசுதல் எனும் வேரிலிருந்து வந்த, பண்டைய மக்கள் மன்றத்தின் பெயர் அது. மற்றொன்று 'மைதான்'. பாரசீக, அரபு வழியில் உக்ரேனியத்தை அடைந்த அச்சொல்லும் தமிழின் 'மைதான'மும் ஒரே வேரின. அங்கே அது ஒரு மக்கள் எழுச்சியின் பெயராயிற்று. இங்கே விளையாட்டுத் திடலோடு நின்றுவிட்டது. இயற்கைச் சீற்ற உருவகத்தை நாடாமல், கூடிப் பேசும் இடத்தின் பெயராலேயே எதிர்ப்பைச் சுட்ட இயலும் என்பதற்கு இது தக்க சான்று. தமிழில் 'மன்றம்', 'அம்பலம்' என்பவை இத்தகு சொற்களாக வளர இடமுடையவை. 'அம்பலப்படுத்துதல்' அவ்வழியில் பாதித் தொலைவு வந்திருக்கிறது.

ஒப்பாரி வெற்றழுகையா?

கருணாபுரத்தில் இறந்தவர் பலரின் உடல்கள் ஒரே நாளில் கோமுகி ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கும் தெருக்களிலும் எழுந்த பெண்களின் குரல் 'கதறல்', 'மரண ஓலம்' என்றே எழுதப்பட்டது. ஆங்கிலத்திலும் அது 'வெயில்' என்னும் அழுகைச் சொல்லே பெற்றது; 'அவுட்க்ரை' கட்சிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஒப்பாரி மரபை அறிந்தோர் இப்பிரிவினையை ஏற்கத் தயங்குவர். ஒப்பாரி இறந்தாரைப் புகழ்வதோடு நில்லாது. உறவின் துரோகத்தையும் பங்காளியின் வஞ்சத்தையும் வறுமையையும் பெயர்சொல்லியும் சொல்லாமலும் குற்றஞ்சாட்டும். கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த முந்தைய தென்னார்க்காடு மாவட்டத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, சாவுச்சடங்குப் பாடல்கள் குறித்து 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலின் துணைத்தலைப்பிலேயே 'மனு' எனப் பொருள்படும் சொல்லை வைத்தார். சாவுவீட்டுக் குரல் முறையீட்டின் வடிவம் கொண்டது என்பதை அத்தலைப்பே உணர்த்தும்.

காவல் நிலையத்திற்கும் நீதிமன்ற வளாகத்திற்கும் தொலைவில்லாத பகுதியில் சாராய விற்பனை நடந்தது என்பது அப்போது பெரிதும் பேசப்பட்டது. அங்கே நின்று, 'யார் விற்கவிட்டார்' என்று கேட்டழும் குரல் கேள்விதான். அதைக் 'கதறல்' எனப் பெயர்க்கும்போது கேள்வி உதிர்ந்து கண்ணீர் மட்டும் எஞ்சுகிறது.

மலையின் குரல்

கோமுகி ஆறு கல்வராயன்மலையில் பிறக்கிறது. கருணாபுரத்து இறப்புகளை அடுத்து 2024 ஜூலையில் உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், கல்வி, குடும்ப அட்டை எனப் பலவும் விசாரணைக்கு வந்தன. 1976இல் அரசின் நேரடி ஆட்சிக்குள் வரும்வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் பகுதி.

இம்மலையின் பெயர் செய்திகளில் அடிக்கடி வந்த தொடர் 'சாராய வேட்டை'. அதன் செயப்படுபொருள் 'ஊறல்'. பேரல் பேரலாக ஊறல் அழிக்கப்பட்ட செய்தியில் மலைவாழ் மக்கள் தேடப்படுவோராக வந்தனர், பேசுவோராக வந்ததில்லை. 2024இல் உயிர்பறித்ததோ மலையில் காய்ச்சிய சரக்கன்று; தொழிற்சாலைக்குரிய மெத்தனால். ஆங்கிலச் செய்திகள் இரண்டையும் 'ஹூச்' என்னும் ஒரே சொல்லில் அடக்கின. அச்சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது: அலாஸ்காவின் திலிங்கித் பழங்குடியினருள் ஒரு பிரிவினரின் பெயரான 'ஹூச்சினூ' என்பதன் குறுக்கம் அது. அவர்கள் வடித்த மதுவுக்கு அவர்கள் பெயரே இடப்பட்டு, பின்னர் உலகின் கள்ளச்சரக்கு அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் 'கள்ளச்சாராயம்', 'விஷச்சாராயம்' என்னும் இரு சொற்கள் உள்ளன. முன்னது உரிமமின்மையையும் பின்னது நச்சுத்தன்மையையும் குறிக்கின்றன. இவ்வேறுபாட்டைப் பேணினால்தான் குடிசையில் காய்ச்சியவரும் மெத்தனால் கடத்தியவரும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுவது தவிரும்.

'தாமாக முன்வந்து' என்னும் நீதிமன்றத் தொடர் 'சுவோ மோட்டு' என்னும் இலத்தீனின் செவ்விய பெயர்ப்பு. மனுதாரர் இல்லாத வழக்கு என்பது அதன் பொருள். மலையில் குறைகளும் இருந்தன, அவற்றைச் சொன்னோரும் இருந்தனர்; அச்சொல் கேட்கத்தக்க பெயரைப் பெறவில்லை. மலைக்குக் கீழே நகரத்தில் நேர்ந்த சாவுகளின் 'அவுட்க்ரை'யே மலையின் குரலுக்கும் வழிதிறந்தது. இவ்வழக்கை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதுவோர் 'மக்களின் கொந்தளிப்பை அடுத்து' என்று தொடங்குவதற்கும் 'மக்களின் முறையீடு கேட்கப்படாதிருந்த நிலையில்' என்று தொடங்குவதற்கும் இடையே, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் தொலைவு இருக்கிறது.